வேம்பங்கரைக் கண்மாய் ஊர் சுற்றிய ஐப்பசி

ஐப்பசி அடைமழை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்ட ஒரு காலையில், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனவர்கள் மாடுகளோடு திரும்பி வந்து, கண்மாய் அதன் இடத்தில் இல்லை என்றார்கள். போய்ப் பார்த்தோம். கரை இருந்தது, மடை இருந்தது, கரைமேல் அய்யனார் மீசையோடு உட்கார்ந்திருந்தார், கருவேல மரங்கள் கொக்கு எச்சத்தில் வெளுத்து வரிசையாக நின்றிருந்தன, நடுவில் இருக்க வேண்டிய தண்ணீர் மட்டும் இல்லை. உடைப்பு ஏதும் எடுத்திருக்கிறதா என்று கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தோம். ஒரு நண்டு வளைகூட ஒழுகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்த கண்மாய், விருந்துக்கு வந்தவர் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பின மாதிரி போயிருந்தது. நாங்கள் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே ஆட்டுக்காரர் ஒருவர் மேற்கே இருந்து வந்து, மொட்டைப்பாறைக்குப் பின்னால் கண்மாய் நிற்கிறது, அல்லியும் கொக்கும் மீனும் கூடவே இருக்கின்றன, கரைதான் இல்லை என்றார். கரை இல்லாமல் எப்படி நிற்கும் என்று யாரோ கேட்டதற்கு, நிற்கிறது, என் ஆடு குடித்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் கண்மாய் மொட்டைப்பாறையிலும் இல்லை, செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நின்றது. தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, வெறும் சேற்றின் நடுவில் நின்று, வரைபடப்படி கண்மாய் இங்கேதான் இருக்கிறது, அங்கே நிற்பது மழைத்தண்ணீர் என்று சொன்னார். மீன் குத்தகை எடுத்தவர் முகம் வாடிப் போயிற்று, ஏனென்றால் அவருடைய குத்தகை கரைக்குள் இருக்கும் மீனுக்கு மட்டும்தான், நடந்துபோகும் தண்ணீரில் இருக்கும் மீன் யாருக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்களுக்கு அது போதும். தூண்டில் பிடித்தே அறியாத வாத்தியார் வீட்டுக்காரர்கள்கூட மூங்கில் வெட்டினார்கள், மண்புழு தோண்டினார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியாததால் யாரும் இறங்கவில்லை. ஓரத்தில் நின்றே பிடித்தோம். அய்யனாருக்குக் கண்மாய்க் காவல்தானே வேலை, வெறும் கரையில் அவர் எதைக் காப்பார் என்று ஊர் கூடிப் பேசி, சாமியே கூட வருவதாக எண்ணிக் கோயில் பிடிமண்ணை ஓர் ஓலைக் கொட்டானில் எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தோம். அன்றிலிருந்து பூசாரி தினமும் காலையில் குளித்துவிட்டுக் கொட்டானோடு கண்மாயைத் தேடி நடந்தார், நாங்கள் அவர் பின்னால் நடந்தோம்.

அந்த நடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறந்து வளர்ந்த ஊரை அந்த ஐப்பசியில்தான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம். ஆவாரஞ்செடி பூத்த செம்மண் தடத்தில், நனைந்த சோளத்தட்டைகளுக்கு நடுவில், பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில், குடும்பம் குடும்பமாக, கையில் தூண்டிலும் தலையில் சட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக, இன்னைக்கு எங்கே நிக்கிது, எங்கே நிக்கிது என்று எதிரே வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டு போவோம். கண்டுபிடித்த இடத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கெளுத்தியோ கெண்டையோ கிடைத்ததைப் புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைத்து, கொண்டுபோன சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தூறல் போட்டால் பனைமரத்தடியில் ஒண்டிக்கொள்வோம். கண்மாய் ஏன் நடக்கிறது என்று கேட்பவர்கள் முதலில் நிறையப் பேர் இருந்தார்கள், பிறகு குறைந்துவிட்டார்கள். வயிறு நிறைந்தவனுக்குக் கேள்வி எங்கே வரும்.

கேள்வி வந்தது ஒருத்திக்குத்தான். அவள் பூமயில்.

பூமயிலின் புருஷன் அழகுராசா மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஐப்பசியில் ஒரு மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூண்டிலோடு கண்மாய்க்குப் போனவன், திரும்பவில்லை. கரையில் அவனுடைய செருப்பும் துண்டும் தூண்டிலும் இருந்தன. தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. மடைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் பாதிப்பேர். ஊரைவிட்டே போய்விட்டான் என்று மீதிப்பேர் சொன்னதற்குக் காரணம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் சீனிமுத்து, அன்று சாயங்காலம் அழகுராசாவைப் போல ஒருத்தன் திருப்பூர் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்லி வைத்ததுதான். சண்டை இல்லை, கடன் இல்லை, குடி இல்லை, பிள்ளை இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஏன் போகப் போகிறான் என்று பூமயில் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை, ஏன் சாகப் போகிறான் என்று கேட்டாலும் இல்லை.

அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஆனால் அந்தக் கண்மாய் மீனை மட்டும் அவள் தொடுவதில்லை. ஆள் விழுந்த தண்ணீரில் பிடித்த மீனை அந்த வீட்டார் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம், காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அவன் செத்திருந்தால் பொட்டு கூடாது, உயிரோடு இருந்தால் மீனுக்கு என்ன தடை? இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று குழாயடியில் பெண்கள் கேலி பேசுவார்கள். பொட்டு வைத்தால் மீன் தின்னு, மீன் தின்னாவிட்டால் பொட்டை எடு, ஏதாவது ஒன்றுக்கு வா என்பார்கள். ஒன்றுக்கு வர முடிந்தால் அவள் வந்திருக்க மாட்டாளா?

வருஷா வருஷம் தீபாவளி வந்து இந்தக் குழப்பத்தைக் கிளறிவிட்டுப் போகும். எங்கள் ஊரில் தீபாவளி விடியலில் வீட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கெல்லாம் தலையில் எண்ணெய் வைப்பார்கள், ஊரில் இல்லாதவர் பேரைச் சொல்லி ஒரு சொட்டு நிலைப்படியில் வைப்பார்கள். குளித்து முடித்ததும் செத்தவர்களுக்குப் படையல், வாய்க்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் வீட்டார் சாப்பாடு. அழகுராசாவுக்கு நிலைப்படியில் எண்ணெயா, இலையில் சோறா? முதல் வருஷம் அவனுடைய அண்ணன் பெண்சாதி செல்வராணி எண்ணெயை வைத்துவிட்டு அழுதாள். இரண்டாம் வருஷம் அண்ணன் தவசி ஓர் இலையைப் போட, பூமயில் சத்தம் போடாமல் அதை எடுத்து மடித்துவிட்டாள். இரண்டு வீடும் ஒரே சுவர், ஒரே அடுப்பு. தவசி கெட்டவரில்லை, தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

கண்மாய் போன அன்று ஊர் முழுக்கக் கம்பும் கையுமாக வெறும் சேற்றில் இறங்கித் தேடிற்று. யார் யாரோ தொலைத்த குடங்கள் கிடைத்தன, மூக்கு உடைந்த பிள்ளையார் கிடைத்தார், ஒரு சைக்கிள் கிடைத்தது. எலும்பு என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பூமயில் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளைத் தவசி சேற்றில் இறங்க விடவில்லை. இல்லை என்றால் அவன் விழவில்லை என்றுதானே அர்த்தம் என்றார்கள் ஒரு பக்கம். தண்ணீர் போகும்போது உள்ளே இருப்பதையும் கூட்டிக்கொண்டுதானே போகும், கொக்கையே கூட்டிப்போன கண்மாய் அவனை விட்டுவிட்டா போகும் என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேச்சிலும் ஓட்டை இல்லை.

அன்று மத்தியானம் தவசி அவளிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, இந்தத் தீவாளிக்கு நான் அவனுக்கு இலை போடப் போறேன். நீ தடுக்காத."

"செத்துட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாதுத்தா. ஆனா செத்திருந்தா பசியோட நிப்பான்ல. மூணு வருசமா எந்தம்பிக்கு ஒரு வாய்ச் சோறு வைக்க விடாம நிக்கிற."

"உசுரோட இருந்தா?"

"இருந்தா எங்குட்டாச்சும் தின்னுக்கிருவான்" என்று சொல்லிவிட்டுத் தவசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இலை போட்டா நீ அன்னைக்கே அதைக் கழட்டணும். எனக்கும் அது சங்கடமாத்தான் இருக்கு. தீவாளிக்குள்ள ஒரு முடிவைச் சொல்லு."

பூமயிலுக்குப் பயமாக இருந்தது. அவன் செத்திருந்தாலும் பயம், சாகாமல் இருந்தாலும் பயம். எதற்கு அதிகமாகப் பயப்படுகிறோம் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதனால் அவளும் தினமும் எங்களோடு நடந்தாள். தூண்டில் கொண்டுவர மாட்டாள், சட்டி கொண்டுவர மாட்டாள், எல்லாரும் மீன் பிடிக்கும்போது அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எல்லாரும் மீன் குழம்பு சாப்பிடும்போது வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொள்வாள். கண்மாய் செங்கல் சூளையிலிருந்து பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தது, மைதானத்திலிருந்து சுடுகாட்டு ஓடைக்குப் போனது, அங்கிருந்து தார் ரோட்டுப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு இடத்துக்கும் ஊர் ஒரு கதை கட்டிற்று. அழகுராசா ஓடிப்போய்விட்டான், கண்மாய் அவனைத் தேடிக்கொண்டு போகிறது என்பது ஒரு கதை. அழகுராசா உள்ளேதான் இருக்கிறான், வீட்டுக்கு வழி தெரியாமல் கண்மாயைக் கூட்டிக்கொண்டு அலைகிறான் என்பது இன்னொரு கதை. காலையில் ஒன்றைச் சொன்னவர் சாயங்காலம் மற்றதைச் சொன்னார். நானே அப்படித்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் கண்மாய் பஸ் நிறுத்தத்தில் நின்றது. டவுனிலிருந்து வந்த பஸ் படி மூழ்கும்வரை தண்ணீருக்குள் வந்து, அதற்குமேல் போகப் பயந்து நின்றுவிட்டது. உள்ளே பலகாரப் பொட்டலங்களும் பட்டாசுமாக உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகத் தூண்டிலை நீட்டினோம். மாமனார் வீட்டுக்கு வெறும் பலகாரத்தோடு போக வேண்டாமே. கண்டக்டர் ஒரு குரவை மீனைப் பிடித்துவிட்டு, அதற்கு டிக்கெட் போடவா என்று கேட்டுச் சிரித்தார். சீனிமுத்துவின் டீக்கடையில் நாலா பக்கமும் தண்ணீர் சூழ, பெஞ்சியின்மேல் அடுப்பை ஏற்றி வைத்து வியாபாரம் நடந்தது. பூமயில் பஸ்ஸின் பின் ஏணியைப் பிடித்துக்கொண்டு கடைக்கு எதிரே நின்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பாத்தது அவரைத்தானா?"

சீனிமுத்து டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "அவன் மாதிரிதான்த்தா இருந்துச்சு. முதுகுதான் தெரிஞ்சுச்சு."

"தலை ஈரமா இருந்துச்சா?"

"மழைத்தா. அன்னைக்கு எல்லார் தலையும் ஈரமாத்தான் இருந்துச்சு."

இவ்வளவுதான் பேச்சு. பூமயில் திரும்பி நடந்தாள், நடக்கும்போது அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை, களைப்பாக இருந்தது. கண்மாயே இந்த இடத்தில் வந்து நின்றுகொண்டு, பஸ்ஸில் ஏறினானா ஏறவில்லையா என்று ஒரு சொல் சொல்லாமல் அல்லியை ஆட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவள் செல்வராணியிடம் சொன்னாளாம். காலையில் பார்ப்போம் என்று செல்வராணி அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

தீபாவளி விடிந்தபோது கண்மாய் பூமயில் வீட்டுக் கொல்லையில் நின்றது.

அவ்வளவு பெரிய கண்மாய் அந்தக் கொல்லைக்குள் எப்படி அடங்கியது என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் ஒற்றுமை இல்லை. அக்கரையே தெரியவில்லை என்று நான் சொல்வேன். பின்வேலி நன்றாகத் தெரிந்தது, அதில் காய்ந்துகொண்டிருந்த பாவாடைகூடத் தெரிந்தது என்று சீனிமுத்து சாதிப்பார். தண்ணீர் பின்வாசல் படிவரை வந்து, அதற்குமேல் ஏறாமல் நின்றிருந்தது. தலையில் எண்ணெய் வழிய, பாதி குளித்தும் குளிக்காமலும், வெடித்த பட்டாசும் வெடிக்காத பட்டாசுமாக ஊரே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. தவசி அழகுராசாவின் படத்துக்கு மாலை வாங்கி வைத்திருந்தார். செல்வராணி ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணமும் ஒரு கையில் வாழை இலையுமாக, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பூசாரி பிடிமண் கொட்டானைப் படியில் இறக்கி வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

பூமயில் பரணிலிருந்து ஊத்தாவை எடுத்தாள். மேலேயும் கீழேயும் திறந்த மூங்கில் கூடை அது. தண்ணீருக்குள் அமுக்கி, உள்ளே மாட்டும் மீனை மேல் வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள்.

"ஏய் பூமயிலு, ஆழம் தெரியாம இறங்காதடி" என்றாள் செல்வராணி.

"என் கொல்லைதான்க்கா. எனக்குத் தெரியாத ஆழமா."

இடுப்பளவு தண்ணீரில் அவள் நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. காலால் ஒவ்வோர் அடியாகத் துழாவித் துழாவி, ஒரு வேலியிலிருந்து மறு வேலிக்குப் போய், திரும்பி, அடுத்த வரிசையில் வந்து, உழுகிறவன் சால் விடாமல் உழுவதுபோல் அந்தத் தண்ணீர் முழுவதையும் நடந்தாள். பிள்ளைகள் மத்தாப்பைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். சில இடங்களில் நின்றாள், குனிந்து கையை விட்டுத் தடவினாள், நிமிர்ந்து மேலே நடந்தாள். ஓர் இடத்தில் வெகுநேரம் நின்றாள். தவசி வாயில் துண்டை வைத்துக்கொண்டார். அவள் ஊத்தாவை ஓங்கி அமுக்கி, உள்ளே கையை விட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கினாள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கரையேறி வந்து படியில் உட்கார்ந்தாள்.

"தொவைகல்லு இருக்கு. எலுமிச்சங்கன்னு இருக்கு. கோழிக்கூடு கவுந்து கெடக்கு" என்றாள். "வேற யாரும் இல்ல. முழுசாப் பாத்துட்டேன்."

பிறகு அவள் மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, செதில் எடுத்து, துண்டு போட்டாள். தீபாவளிக்கு ஆட்டுக்கறிதான் எங்கள் வழக்கம், அடுப்பில் கறி வெந்துகொண்டுதான் இருந்தது, அதை இறக்கி வைத்துவிட்டு அவள் மீனை ஏற்றினாள். மீனைச் சாப்பிடப் போகிறாள், அப்படியானால் அவன் சாகவில்லை, பொட்டு நிலைத்துவிட்டது என்று எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி. நாலைந்து பெண்கள் குலவைகூடப் போட்டுவிட்டார்கள். தவசி மாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

குழம்பு கொதித்து இறங்கியதும் பூமயில் இலை போட்டு உட்கார்ந்தாள். சோறு வைத்த செல்வராணி மீன் துண்டை வைக்கப் போனபோது, கொஞ்சம் பொறுக்கா என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்து தாலியைத் தலை வழியாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். பொட்டைத் தொடவில்லை.

குலவை போட்ட பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தவசிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"என்னத்தா இது கூத்து? இப்பத்தான அவன் தண்ணிக்குள்ள இல்லைன்ன? உசுரோட இருக்கான்னுதான அர்த்தம்?"

"ஆமா மாமா. உசுரோடதான் இருக்காரு. அதனாலதான் கழட்டுறேன்."

தவசி மாலை இருந்த பையைக் கீழே வைத்தார்.

"செத்துட்டாருன்னா கடைசிவரைக்கும் இதைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்" என்றாள் பூமயில். "கால் இல்லாத கம்மாயே ஊரெல்லாம் அலைஞ்சு என் வாசலுக்கு வந்துருச்சு. கால் உள்ள மனுசன் வரல. இதுக்கு மேல நான் யாரைக் கேக்கணும்?"

புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றினவளை, பொட்டோடும் வெறுங்கழுத்தோடும் மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளை, நாங்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது, நல்லது கெட்டதில் எந்தப் பக்கம் நிறுத்துவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கண்மாய் நடந்ததற்குக்கூட நாங்கள் இவ்வளவு தடுமாறவில்லை.

செல்வராணிதான் முதலில் பேசினாள். கையில் தாலியும் கரண்டியுமாக நின்றவள், "இப்ப நான் என்னதான்டி செய்யிறது, அவருக்கு எண்ணெய் வைக்கவா, படையல் போடவா?" என்று அழுதாள்.

"பசிக்குதுக்கா. மீனை வையி."

செல்வராணி வைத்தாள். பூமயில் ஒரு வாய் பிசைந்து, முள்ளை நாக்கால் ஒதுக்கி எடுத்து இலையோரத்தில் வைத்துவிட்டு, மென்று விழுங்கினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, காரமா வேறா என்று நாங்கள் கேட்கவில்லை. தவசி சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே மெதுவாக உட்கார்ந்தார். கோபமெல்லாம் போய், தம்பியைத் தொலைத்த மனிதராக உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு அவன் வந்து நின்னா என்னத்தா செய்ய?"

"வந்தா உங்க தம்பியா வரட்டும் மாமா. நீங்க சோறு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பூமயில் செல்வராணியிடம் இலையை நகர்த்தி இன்னொரு துண்டு கேட்டாள்.